சேவுப் பொட்டலமும் நாலரை மணிப் பசியும்

விருதுநகரில் குடியிருந்துகொண்டு வாயைக் கட்டுவது லேசான காரியம் இல்லை. சாயங்காலம் ஆனால் உள்ளூரிலேயே எண்ணெய் பரோட்டா. கல்லில் எண்ணெயை நிறுத்தி, மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றித் தருவார்கள். தெற்கே பஸ் ஏறினால் சாத்தூர். அங்கே காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். இந்தப் பக்கம் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019-இலும் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் பக்கத்துச் சரக்குக்கு நாடே மரியாதை செய்ததாகத்தான் வீட்டில் பேசிக்கொண்டோம்.

இந்தப் பலகாரங்களுக்கு நான் எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் அடிபிடிக்காமல் சுண்டும்வரை அடுப்பின் முன்னால் நின்று கிண்டுகிறவரின் உழைப்பு எனக்குத் தெரியும். சேவில் பூண்டு வாசம் எந்தக் கடையில் தூக்கலாக இருக்கும், எங்கே மிளகாய்க் காரம் சுள்ளென்று ஏறும் என்பதும் தெரியும். இவற்றை ஆசையாகச் சாப்பிடுகிறவளாகவே எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்த ஆசையை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்று வீட்டிலும் அலுவலகத்திலும் கல்யாணப் பந்தியிலும் பழக வேண்டிவந்தது. பழகியதைச் சொல்கிறேன்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். முழுக்க உட்கார்ந்த வேலை. வீடு திரும்பும் வழியில்தான் கடைத்தெரு. வீட்டுக்கென்று கால் கிலோ சேவு வாங்கினால், டீ கொதிப்பதற்குள் பாதி குறைந்திருக்கும். இரவு டிவி முன்னால் மீதி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரோட்டா. உறவில் யாராவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தால் அரைக் கிலோ பால்கோவா வந்துவிடும். அது நாள்கணக்கில் வைத்திருக்கிற பண்டம் இல்லை. கெட்டுப்போகுமே என்ற எண்ணத்திலேயே தீர்த்துவிடுவோம். என் வீட்டுக்காரருக்கு இனிப்பில் அவ்வளவு நாட்டம் கிடையாது, மாமியாருக்கு சுகர். அப்புறம் யார் சாப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாத சராசரி சர்க்கரையைச் சொல்கிற எச்பிஏ1சி எனக்கு 6.1. அது 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், இரண்டுக்கும் நடுவில் இருப்பது முன்நிலை. இடுப்புச் சுற்றளவும் எடுத்தார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. நான் எல்லையைத் தாண்டி நல்ல தூரம் போயிருந்தேன். முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா பயமுறுத்தவில்லை. “இன்னும் நோய் வரலைம்மா. வர்ற வழியில நிக்கிறீங்க. இங்கேர்ந்து திரும்பிப் போகலாம்” என்றார்.

திரும்பிப் போகலாம் என்ற அந்த வார்த்தைக்கு ஆதாரம் உண்டு. இந்த முன்நிலையில் இருந்தவர்களைச் சேர்த்து, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2006-இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் மட்டும் சீர்செய்துகொண்டவர்களுக்கு நோய் வருகிற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். அவர்கள் யாரும் அமெரிக்கர்கள் இல்லை, நம்மைப் போல இட்லியும் சோறும் சாப்பிடுகிறவர்கள். அதனால் எனக்கு அந்த ஆய்வு மேல் பெரிய நம்பிக்கை. 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வோ நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், அதைவிடக் கூடுதலாக 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் முன்நிலையில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. அந்த 13 கோடியில் ஒருத்தி என்ற கணக்கில்தான் நானும் தொடங்கினேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், மொத்தமாக நிறுத்துவது. இனிப்பு இல்லை, சேவு இல்லை, பரோட்டா இல்லை. முதல் வாரம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அலுவலகத்தில் யாரோ குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஜாங்கிரி கொடுத்தார்கள். ஒரு கடி கடித்ததும், “சரி, இன்னைக்குத்தான் விரதம் போயிருச்சே, நாளையிலேர்ந்து பாத்துக்கலாம்” என்று மனசு சொல்லிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குக் கால் கிலோ சேவு வந்தது.

இந்த ‘போனது போச்சு’ மனநிலையை உளவியல்காரர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். பீட்டர் ஹெர்மன் என்பவரும் இன்னொருவரும் 1975-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் குடிக்கக் கொடுத்து, அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். வயிறு நிறைந்தவர்கள் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? கட்டுப்பாடு இல்லாதவர்கள் அப்படித்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க்‌ஷேக் குடிக்காமல் இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்ததும் அளவும் போய்விட்டது. எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. ஜாங்கிரி ஒன்றில் என் உடம்புக்கு ஆகிற கெடுதி கொஞ்சம்தான். “போயிருச்சே” என்ற எண்ணத்தால் வந்த கால் கிலோதான் பெரிய கெடுதி. அன்று முதல், தொடவே கூடாது என்ற பட்டியலை எடுத்துவிட்டேன். எதிர்பாராமல் ஒன்று சாப்பிட்டால் அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. பட்டினி கிடந்து ஈடுகட்டுவதும் இல்லை, நாளை என்று தள்ளிப்போடுவதும் இல்லை.

அதன்பிறகு, எப்போது ஆசை வருகிறது என்று மட்டும் அலுவலகக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று எழுதவில்லை, அது சலித்துப்போகும். மணி என்ன, எங்கே இருந்தேன், அதற்கு முன் எப்போது சாப்பிட்டேன் என்ற மூன்றே விஷயம். கொஞ்ச நாளில் பக்கம் தானாகப் பேசத் தொடங்கியது. பெரும்பாலான வரிகள் சாயங்காலம் அஞ்சிலிருந்து ஏழுக்குள் இருந்தன. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால், ராத்திரி எட்டரைக்கு மேல்தான் அடுத்த சாப்பாடு. நடுவில் ரெண்டு டீ. என் மதியச் சாப்பாடோ டப்பா நிறைய சாம்பார் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும். பருப்பும் கொழுப்பும் காயும் குறைந்து, வெள்ளைச் சோறு மட்டும் நிறைந்த சாப்பாடு சீக்கிரம் செரித்துவிடும். கடைத்தெருவுக்குள் நான் நுழைந்தது ஏழரை மணி நேரத்துப் பசியின் பாதியில். அந்த நேரத்தில் பொரிகிற எண்ணெய் வாசத்தைத் தாண்டிப்போவது மன உறுதியால் முடிகிற காரியமே இல்லை.

எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். கடை வாசலில் நடக்கிற போராட்டம் ரொம்பத் தாமதமானது. மதியமே, டிபன் டப்பாவில் அது பாதி முடிவாகிவிடுகிறது.

அதனால் மாற்றத்தை டப்பாவில் செய்தேன். சோறு பாதியானது. மீதி இடத்தில் சுண்டல், கீரைக்கூட்டு, சில நாள் அவித்த முட்டை. நாலரை மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை. எங்கள் ஊர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய்க்கும் பேர்போன சந்தை, கடலைக்குப் பஞ்சமே இல்லை. அவித்த கடலையை உரித்து உரித்துச் சாப்பிட வேண்டும், அவசரமாக அள்ளிப்போட முடியாது. அதுவே பாதி நன்மை. மோர் இருந்தால் ஒரு டம்ளர். அவ்வளவுதான். அஞ்சரைக்குக் கடைத்தெருவில் நடக்கும்போது வாசம் அதே வாசம்தான், ஆனால் என் கால் நிற்கவில்லை. மனசைக் கடிவாளம் போட்டு இழுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இத்தனை வருஷம் இதை நாக்கின் குணம் என்று நினைத்திருந்தேன், பெரும்பகுதி வெறும் பசி.

தூக்கமும் இதில் சேர்த்தி. கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் ராத்திரி அஞ்சு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. அந்த மாதத்துக் குறிப்புகளைப் பார்த்தால் காலை பதினோரு மணிக்கே இனிப்பு ஆசை எழுதப்பட்டிருக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்கிற லெப்டின் குறைகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. மார்ச்சில் வேலையைக் குறைக்க என்னால் முடியாது. ஆனால் அந்த மாதம் வீட்டில் பலகாரம் வாங்கி வைப்பதில்லை என்று முடிவு செய்ய முடியும், செய்கிறேன்.

வாங்குகிற அளவு அடுத்தது. இதில்தான் வீட்டில் கொஞ்சம் பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படம் உண்டு. என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது சீராக வந்தது. அதில் எப்போதும் ஏதாவது பலகாரம் இருக்க வேண்டும், திடீரென்று ஆள் வந்தால் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. நியாயமான கணக்குதான், ஆனால் வருகிற ஆளைவிட வீட்டு ஆள்தான் அந்தச் சம்படத்தைத் திறப்பது. 100 கிராம் காராச்சேவில் 500 கலோரிக்குமேல் இருக்கும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 1,660 கலோரி போதும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் கணக்கிட்டிருக்கிறது. பேசிக்கொண்டே எடுக்கிற நாலு கையில் ஒரு நாள் சாப்பாட்டின் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வயிறும் நிறைவதில்லை, எட்டரைக்கு மறுபடியும் நாலு தோசை.

“அத்தை, சம்படத்தை நிறுத்த வேண்டாம். உள்ளே இருக்கிறதை மாத்துவோம்” என்றேன். இப்போது அதில் பொரிகடலையும் வறுத்த வேர்க்கடலையும் அவலும் இருக்கிறது. ஆள் வந்தால் அவல் தாளித்துக் கொடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும். சேவு வேண்டுமென்றால் அன்றைக்கு 100 கிராம் பொட்டலம் வாங்கி, நாலு பேருக்கும் கிண்ணத்தில் பிரித்து, பொட்டலக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறோம். பொட்டலத்திலிருந்து நேராக எடுத்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். நான் செய்த எல்லாவற்றிலும் குறைந்த சிரமத்தில் அதிகப் பலன் தந்தது இதுதான். அத்தைக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். அவர்களுக்கும் சுகர் அளவு இறங்கியபோது அந்த வருத்தம் போய்விட்டது.

கண்ணில் படாமல் வைப்பதும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷேல் குழந்தைகளை வைத்துச் செய்த பழைய சோதனை ஒன்று உண்டு. பொறுத்திருந்தால் பிடித்த தின்பண்டம் கிடைக்கும் என்று சொல்லி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதை வைத்து, பொறுத்திருந்த குழந்தை பிற்காலத்தில் பெரிய ஆளாக வரும் என்றெல்லாம் பேசுவார்கள். அந்தப் பகுதி பிற்கால ஆய்வுகளில் அவ்வளவாக நிற்கவில்லை. ஆனால் 1970-இல் அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் எனக்குப் பயன்பட்டது. பண்டம் கண் முன்னால் இருந்தபோது குழந்தைகளால் கொஞ்ச நேரம்தான் பொறுக்க முடிந்தது. மூடி மறைத்து வைத்தபோது அதே வயதுக் குழந்தைகள் வெகுநேரம் பொறுத்தார்கள். ஆக, மேஜையில் இருந்த மிக்சர் பாட்டில் பரணுக்குப் போனது, வாழைப்பழமும் கொய்யாவும் மேஜைக்கு வந்தன. ஏணி போட்டு எடுக்கிற அளவு ஆசை இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நம் ‘இனிப்பு, காரம், காபி’ பற்றிச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்க வந்தாலும், புதுமனை புகுந்தாலும், அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றாலும் இந்த மூன்றும் ஒரே தட்டில் வரும். ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த ருசியின் மேல் மட்டும் நாட்டம் குறையும், வேறு ருசிக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும் என்பதை பார்பரா ரோல்ஸ் 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதினார். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைப்பது இதனால்தான். ஒரு மைசூர்பாகு திகட்டுகிற நேரத்தில் மிக்சர் வந்து நாக்கைக் கழுவிவிடுகிறது. மிக்சர் உறைக்கும்போது காபி இனிக்கிறது. காபி முடிந்ததும் இன்னொரு மைசூர்பாகுக்கு நாக்கு தயார். விருந்தோம்பலுக்கு இதைவிடச் சிறந்த வரிசை கிடையாது. அளவாகச் சாப்பிட நினைக்கிறவருக்கு இதைவிடக் கஷ்டமான வரிசையும் கிடையாது. நான் இப்போது தட்டைப் பார்த்ததும் இனிப்பா காரமா என்று ஒன்றை முடிவு செய்துகொள்கிறேன். இனிப்பு நன்றாக இருக்கும் என்று தெரிந்தால் இனிப்பு, காபி சீனி இல்லாமல். ஒரே ருசி என்றால் அது சீக்கிரம் போதும் என்று சொல்லிவிடுகிறது.

காபி, டீ சீனியையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து சேர்க்கிற சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ரெண்டு கரண்டி போட்ட டீ மூன்று குடித்தாலே ஒதுக்கீடு முடிந்தது. பால்கோவா சாப்பிட ஆசைப்படுகிறவள் டீயில் எதற்கு அந்த இடத்தை வீணாக்க வேண்டும்? ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். இப்போது சீனி போட்ட டீ குடித்தால் பாயசம் போல இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் என் கையில் இருந்தவை. மற்றவர் கரண்டியில் இருப்பதுதான் சிரமம். நம் பக்கத்துப் பந்தியில் “போதும்” என்ற சொல்லுக்கு “இன்னும் கொஞ்சம் வையுங்கள்” என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள். கையைக் குறுக்கே நீட்டினாலும் விரல் சந்தில் லட்டு வந்து விழும். பரிமாறுகிறவர் மேல் தப்பு இல்லை. இலை காலியாக இருந்தால் மனசு பொறுக்காத வளர்ப்பு அது. ஆகவே இலையில் இனிப்பைக் கடைசிவரை வைத்திருப்பது என் வழக்கமானது. முதலில் வைத்த கேசரியை முதல் வாயிலேயே தீர்த்துவிட்டால் மறுபடி வரும். ஓரத்தில் அது இருந்தபடியே இருந்தால் “இருக்கு, இருக்கு” என்று காட்டினால் போதும், நகர்ந்துவிடுவார்கள். சோற்றுக்கு முன் காயும் கூட்டும் கேட்டு வாங்குவேன். அவியல் இன்னொரு கரண்டி கேட்டால் பரிமாறுகிறவருக்கு ஒரே சந்தோஷம். எதையாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்ற திருப்தி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

வீடுகளில் இன்னும் நுணுக்கமாக நடந்துகொள்ள வேண்டும். “வேண்டாம்” என்று சொன்னால் முகம் வாடும். “டயட்ல இருக்கேன்” என்றால் விவாதம் தொடங்கும். “ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது” என்பார்கள். அது உண்மையும்கூட, அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம். என் நாத்தனார் கை மணத்தில் முந்திரிக்கொத்து அப்படி இருக்கும். போன தடவை தட்டு நிறையக் கொண்டுவந்தாள்.

“மதினி, உங்களுக்காகத்தான் இன்னைக்குச் செஞ்சதே. ஒண்ணோட நிறுத்துனா எனக்குக் கஷ்டமா இருக்கும்.”

“உன் கையில செஞ்சதை ஒண்ணாச்சும் நிதானமா, ருசிச்சுத் தின்னுட்டுப் போறேன். ரெண்டு பொட்டலத்துல போட்டுக் கொடு, உங்கண்ணனுக்கும் பிள்ளைக்கும் கொண்டுபோறேன்.”

அவளுக்கும் குறை இல்லை. பொட்டலம் வீட்டுக்கு வந்ததும் உரியவர்களிடம் அப்போதே கொடுத்துவிடுவேன். என் பையில் தங்க விடுவதில்லை. இதில் முக்கியம், மறுப்பது மட்டும் செய்யாமல் முதலில் பாராட்டி வாங்கிக்கொள்வது. சமைத்தவருக்கு வேண்டியது தன் கை ருசி மதிக்கப்படுவது. எத்தனை எண்ணிக்கை உள்ளே போனது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

காரணம் எதுவுமில்லாமல், வயிறு நிறைந்திருக்கும்போதே வரும் ஆசை வேறு ரகம். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா வேண்டும் போலிருக்கும். பசியா ஆசையா என்று பிரிக்க ஒரு எளிய கேள்வி வைத்திருக்கிறேன். இப்போது ரெண்டு இட்லி கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் பசி, இட்லியே சாப்பிடலாம். வேண்டாம், பரோட்டாதான் என்றால் அது ஆசை. ஆசை கடல் அலை மாதிரி, ஏறி உச்சிக்குப் போய் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கை வேறு எதிலாவது இருந்தால் போதும். பல் தேய்த்துவிடுவேன், நாளைக்குத் தேவையான கடலையை ஊறப் போடுவேன், அம்மாவுக்குப் போன் செய்வேன். பல் தேய்ப்பது எனக்கு எப்போதும் பலிக்கும். அந்த வாயோடு பரோட்டா சாப்பிடத் தோன்றாது.

கவலையான நாட்களில் இதெல்லாம் அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், ராத்திரி வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேண்டியிருந்தது இனிப்புதான். அந்த நேரத்தில் என்னைக் கட்டிப்போட நினைக்கவில்லை. ஒரு கடலைமிட்டாய் எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று பேசிக்கொண்டே கடித்துச் சாப்பிடுவேன். பேச்சில் பாரம் குறைந்தது, மிட்டாய் ஒன்றோடு நின்றது. தனியாக, இருட்டில், அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் அளவு தெரியாமல் போகிற சாப்பாடு. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்து, நிறுத்தவே முடியாமல் அளவுக்குமீறி அடிக்கடி சாப்பிடுவது, அப்புறம் அருவருப்பாகி வாந்தி எடுப்பது என்றெல்லாம் போனால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். நான் சொல்கிற டப்பாவும் பரணும் அதற்குப் போதாது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதேபோல் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சோற்றைப் பாதியாக்குவதற்கு முன் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அத்தைக்கு ஒருமுறை அப்படி ஆனது.

எனக்குப் பிடித்தவற்றை எப்படிச் சாப்பிடுகிறேன் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் எதையும் விட்டுவிடவில்லை. பால்கோவாவை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சாப்பிடுவது என்று வைத்திருக்கிறேன். ஆண்டாள் கோயிலுக்குப் போகிற அன்று, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, கடையில் 50 கிராம். நாங்கள் ரெண்டு பேரும் பகிர்ந்துகொள்வோம். காலி வயிற்றில் இனிப்பு போனால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், சாப்பாட்டுக்குப் பின் என்றால் அந்த வேகம் குறையும். அன்று கிண்டிய கோவா இளஞ்சூட்டில் மணல் மணலாக நாக்கில் கரையும்போது கொஞ்ச நேரம் பேச்சே வராது. டிவி பார்த்துக்கொண்டு அரைக் கிலோ தின்ற காலத்தில் இந்த ருசி எனக்குத் தெரிந்ததே இல்லை. போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும் என்பார்கள். சின்னதாக எடுத்து மெதுவாகச் சாப்பிட்டால் அதற்கு நேரம் கிடைக்கிறது. பரோட்டா மாதம் ஒருமுறை, ரெண்டு, கூட ஆம்லெட்டும் நிறைய வெங்காயமும். சேவு, சாத்தூரில் இறங்குகிற அன்று வாங்குகிற அந்த 100 கிராம் பொட்டலம் மட்டும். ஓலைக்கொட்டானில் கட்டிக் கொடுக்கிற கருப்பட்டி மிட்டாயும் அன்றுதான், அதுவும் ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களுக்கு.

ஒரு வருஷத்தில் எச்பிஏ1சி 5.6-க்கு வந்தது. இதற்கு நடையும் காரணம், தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். எடை மெதுவாகத்தான் இறங்கியது. இடுப்பு அளவு இன்னும் எல்லைக்கு மேலேதான் நிற்கிறது.

தீபாவளி வாரம்தான் இப்போதும் கையில் அடங்காமல் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஏழு வகை செய்து, ஏழு வீட்டுக்கும் கொடுத்து வாங்கினால், யாருக்கும் தீராத பலகாரம் எல்லா வீட்டிலும் தங்கிவிடும். ஐப்பசி முடிகிறவரை அதைத்தான் கொறிப்போம். போன வருஷம் நாத்தனார்மார், ஓரகத்திகள் எல்லோரும் பேசி, வீட்டுக்கு ஒரே பலகாரம் என்று பிரித்துக்கொண்டோம். முந்திரிக்கொத்து நாத்தனார் பொறுப்பு, அதிரசம் பெரிய ஓரகத்தி, முறுக்கு எங்கள் வீடு. பண்டிகை அன்று எல்லோரும் ஒரே இடத்தில் கூடிச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் மிஞ்சியதை எல்லாம் சேர்த்து, சங்கத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவர்களின் வீடுகளுக்கும், தெருவில் வாடகைக்கு இருக்கும் வடநாட்டுப் பையன்களுக்கும் பிரித்துக் கொடுத்தோம். சம்படத்தில் பொரிகடலை அப்படியே இருந்தது. இந்த வருஷம் அதிரசத்தைக் கருப்பட்டியில் போடலாமா வெல்லத்தில் போடலாமா என்று இப்போதே போனில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.